மெஷின் நின்ற அரங்கம்

— கத்தாதடா. பக்கத்து ஸ்டால்காரர் எட்டிப் பாக்கறாரு.

— நான் எங்கக்கா கத்தினேன்? சாதாரணமாத்தான் பேசறேன்.

— இதுதான் சாதாரணமா? சங்கத்துக்குச் செயலாளர் ஆனாலும் ஆன, வீட்டுல தண்ணி கேக்கறதுகூட மைக் பிடிச்ச மாதிரிதான் கேக்கற.

— என் தொண்டைய விடு. சாயங்காலம் கூட்டத்துல நீ என்ன சொல்லப் போற? அத மட்டும் சொல்லு.

— மொதல்ல உக்காரு. வேர்த்துக் கொட்டுது பாரு. அதுல வேணாம், அது கால் ஆடுது. வாடகை நாற்காலி.

— நாற்காலிக்குமா வாடகை?

— எதுக்குத்தான் இல்ல? தரை விரிப்புக்கு வாடகை, பிளக் பாயிண்ட்டுக்கு வாடகை. எனக்குக் கட்டுப்படியாகாம பக்கத்து ஸ்டால்காரரோட பாயிண்ட்டையே பங்கு போட்டிருக்கேன், மாத்தி மாத்தித்தான் மாட்டிக்கறோம். என் ஸ்பீக்கர் பெட்டிய வாசல்லேந்து இங்க தூக்கிட்டு வர நானும் உன் மாமாவும் போதும். விடல. அவங்க ஆளுதான் தொடணுமாம். அதுக்குக் கட்டின காசுல இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் செஞ்சிருப்பேன்.

— தூக்கறவனுக்கு அதுல என்ன வருதுன்னு தெரியுமா? டீ செலவுக்குக் காணாது. மீதி பூரா ஹால்காரங்க வாய்க்குள்ள.

— தெரியும்டா. உங்க சண்டை நியாயம் இல்லைன்னு நானா சொன்னேன்?

— அப்புறம் என்ன யோசன? நேத்துலேந்து மெஷின் ரூம்ல எங்க ஆள் ஒருத்தன் இல்ல. ஏசி நின்னு ஹாலே சூளையா இருக்கு. கூட்டத்துல மேனேஜர் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறாரு. ஏசி இல்லாம நாளைக்கும் நடத்த முடியுமா, முடியாதா? முடியாதுன்னு நீங்க சொன்னா, இன்னிக்கு ராத்திரியே எங்களக் கூப்பிட்டுப் பேசியாகணும். முடியும்னுட்டா எங்க கதை முடிஞ்சுது. கண்காட்சி முடியற வரைக்கும் இழுத்தடிச்சுட்டு, அப்புறம் ஒவ்வொருத்தனா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான்தான் மொத ஆளு.

— வேலை போயிடுமா உனக்கு?

— பின்ன, மாலை போடுவாங்களா? முடியாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. நீ வாயத் தொறந்தா சின்ன ஸ்டால்காரங்க எல்லாரும் உன் பின்னாடி வருவாங்க.

— ஒரு நிமிஷம் இரு. இந்தத் தூசிய ஒரு தட்டு தட்டிடறேன்.

— என்னப் பாத்துப் பேசுக்கா. பேச வந்தவனுக்கு முதுகக் காட்டிட்டு நிக்கறது என்ன மரியாதை?

— அடேயப்பா, கோபத்தப் பாரு. சரி, பாத்தாச்சு. நேத்து இங்க என்ன நடந்ததுன்னு சொன்னா பொறுமையாக் கேப்பியா?

— சொல்லு.

— உங்க மெஷின் ஓடறப்போ இந்த ஹால் பூரா ம்ம்ம்னு ஒரு இரைச்சல் இருந்துகிட்டே இருக்கும். பக்கத்து ஸ்டால்காரரோட ஸ்பீக்கர் ஆள் உயரம். திருகி விட்டா இடி இடிக்கும், அந்த இரைச்சல் அவர ஒண்ணும் பண்ணாது. என்னோடது மெதுவா பேசற பெட்டிடா. பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேக்கணும்னு செஞ்சது. வருஷா வருஷம் கடன உடன வாங்கி ஸ்டால் எடுப்பேன். வர்றவங்க அந்த இரைச்சல்ல ரெண்டு நிமிஷம் நிப்பாங்க. நல்லாருக்கு மேடம்னு சொல்லிட்டு நடையக் கட்டிடுவாங்க. நேத்துதான் மொத தடவையா ஹால் அமைதியா இருந்துச்சு. ஒரு பெரிய கடைக்காரர், ஊருக்கு ஊர் கிளை வெச்சிருக்கறவரு, கால் வலிக்குதுன்னு சும்மா வந்து உக்காந்தாரு. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல.

— வாங்கினாரா?

— நாளைக்குக் காலைல பார்ட்னரையும் கூட்டிட்டு வர்றாரு. அவருக்கும் பிடிச்சுப் போச்சுன்னா எல்லாக் கிளைக்கும் என் பெட்டிதான். இதுவும் இல்லைன்னா பட்டறைய மூடிடறதுன்னு நானும் உன் மாமாவும் பேசி முடிச்சுட்டோம்.

— அதாவது நாளைக்குக் காலைல ஏசி ஓடக் கூடாது.

— நான் அப்படியா சொன்னேன்?

— நீ சொல்லல. நான் சொல்றேன். நாங்க இல்லாமப் போனாத்தான் உங்களுக்கெல்லாம் நல்லாக் கேக்குது.

— இப்படிக் குத்தாதடா. மனசு கஷ்டமா இருக்கு.

— எனக்கு மட்டும் இனிக்குதா? எல்லா ஸ்டால்லயும் இதே பேச்சுதான். இவ்ளோ அமைதியா ஒரு கண்காட்சி நடந்ததே இல்லையாம். அந்த இரைச்சல் எதனால வருதுன்னு ஒருத்தருக்காவது தெரியுமா? மெஷினுக்கு பேரிங் தேஞ்சு ஓடாயிடுச்சு. மாத்துங்க மாத்துங்கன்னு கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம். மேல உங்களுக்கு ம்ம்ம்னு கேக்கறது, கீழ எங்களுக்கு எப்படி இருக்கும்? ஷிஃப்ட் பூரா அதுக்குள்ளதான் நிக்கறோம். பக்கத்துல இருக்கறவனத் தொட்டுத்தான் கூப்பிடணும். கூலியெல்லாம் எங்க கோரிக்கைல ரெண்டாவதுக்கா. மெஷின மாத்து, எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணு, காது போனவனுக்கு வேற வேலை கொடு. இதுதான் மொதல்.

— அப்படிக் காது போனவங்க இருக்காங்களா என்ன?

— இருக்காங்க. வெளிய சொல்ல மாட்டாங்க. சொன்னா வேலைக்கு ஆகாதுன்னு அனுப்பிடுவாங்கல்ல? தலைய ஆட்டி ஆட்டியே சமாளிச்சுக்கிட்டு இருக்காங்க.

— உனக்கு ஒண்ணும் இல்லையே?

— எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்.

— போன் பண்ணாத்தான் எடுக்கவே மாட்டேங்கற.

— மெசேஜ் போடுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்? சங்க வேலைல போனக் காதுல வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா?

— சரி சரி. வந்தது வந்த, பெட்டிய ஒரு தடவ கேட்டுட்டுப் போ.

— பாட்டு கேக்கற நேரமாக்கா இது?

— நாளைக்கு அவங்க முன்னாடி வெக்கறதுக்கு முந்தி உன் காதுல போகணும்டா. மொத பெட்டி செஞ்சப்போ வீடே ஆஹா ஓஹோங்குது. நீ மட்டும் வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டே, இடது பெட்டில ஏதோ கிரிகிரிங்குதுன்ன. பிரிச்சா உள்ள ஒரு ஸ்க்ரூ லூசு. உன் மாமா அசந்து போயிட்டாரு. அன்னிலேந்து நீ சரின்னு சொல்லாம ஒரு பெட்டியும் பட்டறைப் படி இறங்கினதில்ல.

— போடு. சீக்கிரம்.

— வயலின்தான். ரொம்ப மெதுவா எழும்பும், ஆரம்பத்துல இருக்கறதே தெரியாது. எப்பவும் போல கண்ண மூடிக்கோ. போட்டுட்டேன்.

— ம்.

— மேடம், ஒரு நிமிஷம். நம்ம ரெண்டு ஸ்டாலுக்கும் நடுவுல இருக்கற இந்தத் திரை ஓரமா வாங்களேன்.

— சொல்லுங்க சார். கொஞ்சம் மெதுவா. தம்பி கேட்டுட்டு இருக்கான்.

— கூட்டத்துக்கு எல்லாரும் கெளம்பறாங்க மேடம். நம்ம பெரிய ஸ்டால்காரங்க எல்லாம் பேசி வெச்சுட்டோம். ஏசி இல்லாமலே அமோகமா நடக்குதுன்னு ஒரே குரல்ல சொல்லிடறது. நீங்களும் அதையே சொல்லிடுங்க. நாளைக்கு உங்களுக்கும் பெரிய ஆர்டர் காத்துட்டு இருக்குல்ல?

— இருக்கு சார். ஆனா அந்தத் தொழிலாளிங்க கதி?

— அட, போனாப் போறானுங்க மேடம். வேலைய விட்டுத் தூக்கினாத்தான் புத்தி வரும். காது போச்சாம், காது! காசு புடுங்க இப்ப புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கானுங்க. சுத்தத் திமிரு!

— ஐயோ, மெதுவா சார். அவனும் அந்த மெஷின் ரூம் ஆளுதான். இதக் கேட்டான்னா நாற்காலியத் தூக்கிடுவான்.

— கேட்டாக் கேக்கட்டுமே, எனக்கென்ன பயமா? ஆனா பாருங்க, மனுஷன் அசையவே இல்ல.

— ஆமா. இந்த மாதிரிப் பேச்சுக்குச் சும்மா இருக்கறவன் இல்லையே அவன். பாட்டுல முழுகிட்டான் போல. நீங்க முன்னாடி போங்க சார், நான் வர்றேன்.

— அக்கா! எங்க போயிட்ட?

— இங்கதான்டா. அதுக்குள்ள கண்ணத் தொறந்துட்ட?

— போதும், பெட்டியோட தரம் தெரிஞ்சு போச்சு. அந்த வயலின் மெள்ள மெள்ள இறங்குது பாரு, அங்கதான் நீ நிக்கற.

— குறை ஏதும் இருந்தா இப்பவே சொல்லுடா. ராத்திரி உக்காந்து சரி பண்ணிடறேன்.

— குறையே இல்லக்கா. தைரியமாப் போடு.

— நெஜமாவா?

— உங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?

— மேடம், மேடம்! மன்னிக்கணும், சொல்ல வந்து மறந்துட்டேன். உங்க பிளக்க நான் கழட்டி வெச்சிருக்கேன். நீங்க சும்மா பேசிட்டு இருக்கீங்களேன்னு, எங்க பெட்டிய ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாம்னு, தம்பி வந்து உக்காந்தப்பவே எடுத்துட்டேன். இப்ப மாட்டிடவா?

— என்னக்கா சொல்றாரு அவரு?

— மேடம், மாட்டவா?

— வேணாம் சார். அப்படியே இருக்கட்டும்.

— என்னக்கா? ஏன் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— ஒண்ணும் இல்ல. எழுந்திரு.

— எங்க?

— கூட்டத்துக்கு. ஏசி இல்லாம ஒரு நாள்கூட நடத்த முடியாது, அந்த ஆளுங்களக் கூப்பிட்டுப் பேசுங்கன்னு சொல்லப் போறேன். அவங்க கேக்கற மொத விஷயத்த இன்னிக்கே எழுதிக் கொடுத்தாத்தான் என் ஸ்டால் தொறக்கும்னு சொல்லப் போறேன்.

— அப்ப நாளைக்கு உன் கடைக்காரர்?

— வரட்டும். இரைச்சல்லயே கேக்கட்டும். பிடிச்சா வாங்கட்டும், இல்லைன்னாப் போகட்டும்.

— பட்டறைக்கா. மாமாகிட்ட என்ன சொல்லுவ? இப்பதான் பிடிவாதமா நின்ன, திடீர்னு உனக்கு என்ன ஆச்சு?

— போன வருஷமும் நீ இதே மாதிரி கண்ண மூடிக்கிட்டுக் குறையே இல்லக்கான்ன. அதுக்கு முந்தின வருஷமும் அதான் சொன்ன. நான் என் பெட்டிதான் நல்லா வந்துடுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா.