பூட்டுப் படம்

காலை வணக்கம் போடாத குழு உருப்படாது மேடம். அதனால்தான் தினமும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பூப்படத்தோடு வணக்கம் போட்டுவிட்டுத்தான் பல் துலக்கப் போவேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள் இதைச் சொல்லக்கூடாது. ஆனால் நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.

குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் புருஷனிடமோ கூட இருந்தவனிடமோ அடியும் வன்கொடுமையும் பட்டுத் தப்பித்து வந்த பெண்கள். சொந்தப் பெயர் யாரும் வைத்துக்கொள்வதில்லை. சேரும்போது கண்ணில் படுகிற பொருள்தான் பெயர். தலையணை, சீப்பு, குடை. நான் மட்டும் அக்கா. என் தங்கைக்காகத்தான் குழுவையே ஆரம்பித்தேன். அவள் சீக்கிரமே தேறிவிட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

குடை அப்படி இல்லை. தங்கமான பெண். எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பாள்.

"அக்கா, கதவைச் சாத்திட்டேன். மறுபடி ஒரு தடவை போய்ப் பாக்கவா?"

"பாரும்மா. அக்கா இங்கேயேதான் இருக்கேன்."

எதிரே ஒருவர் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகுவார். அவரை உட்காரச் சொல்லிவிட்டு இவளுக்குப் பதில் போடுவேன். ஒரு ஜீவன் நம்மையே நம்பி இருக்கும்போது கடைவாய்ப் பல் காத்திருக்கலாம்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தனி வீடு பார்த்துக் குடியேறியதும் புதுப் பூட்டைப் படம் எடுத்துப் போடுவாள். எல்லாரும் இதயம் போடுவார்கள். அவள் விடைபெற்றுப் போய்விடுவாள். எனக்கு இந்த வழக்கமே ஆகாது. ஆளாளுக்குப் பூட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் நான் யாருக்கு வணக்கம் போடுவது? ஆனாலும் பாதுகாப்பில் நான் கறார். படம் முதலில் எனக்குத்தான் வர வேண்டும். இடம் தெரிகிற ஓரங்களை வெட்டிவிட்டு நான்தான் குழுவில் போடுவேன்.

குடை அனுப்பிய படத்தில் நல்ல கனமான பூட்டு. பக்கத்தில் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிரே இருக்கும் பெயிண்ட் கடையின் பலகை, தெருப் பெயரோடு. கீழே எழுதியிருந்தாள்: "இனிமே நானே பாத்துக்குவேன்க்கா." அந்த 'நானே' எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஓரத்தை ஒழுங்காக வெட்டி, படத்தைக் குழுவில் போட்டேன். வெட்டாததை அவள் புருஷனுக்கு அனுப்பினேன். அவன் எந்தப் பெயரில் வந்தாலும் உள்ளே விடக்கூடாது என்று அவளேதான் அவன் நம்பரை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

அவனை அடிக்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. அவள் கொஞ்சம் பயந்தால் போதும், என்னிடமே திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆறுதல் வரிகளைக்கூட முன்னாலேயே எழுதித் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் மத்தியானம் அவன் கடப்பாரையோடு போயிருக்கிறான். பூட்டு அசையவில்லை. பெயிண்ட் கடைக்காரர் ஒரு டின் பச்சையை அவன் தலையில் கவிழ்த்து, நாலு பேரோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவனை ஸ்டேஷனில் நீங்களே பச்சையாகப் பார்த்திருப்பீர்கள்.

அன்று சாயங்காலமே குடை குழுவுக்கு வந்தாள். நான் நினைத்தது சரியாகத்தான் இருந்தது.

"அவன் போன்ல என் பூட்டுப் படம் இருந்துச்சு. ஜன்னலோட. ஜன்னலோட பார்த்தது அக்கா மட்டும்தான்."

பழக்க தோஷத்தில் நான் அதற்கும் ஒரு இதயம் போட்டுவிட்டேன்.

ஒருத்தி பாக்கியில்லாமல் போய்விட்டார்கள். என்னால் நொந்தவர்களுக்கு என்று தனியாக ஒரு குழு தொடங்கியிருக்கிறார்கள். தலையணைக்கு எப்போதும் அவசரம். அதில் சேரும் இணைப்பைப் பழைய குழுவிலேயே போட்டுவிட்டுப் போனாள். நீங்கள் வந்து என் போனை வாங்குவதற்குள் வேறு நம்பரில் சேர்ந்துவிட்டேன். கண்ணில் பட்டது பல் பிரஷ். அதுதான் இப்போது என் பெயர்.

சீப்பு எவ்வளவு கனிவாக விசாரித்தாள் தெரியுமா. "பயப்படாதம்மா, அந்த அக்கா உன்னை என்ன பண்ணுச்சு?" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தப் போனை ஒரு நிமிஷம் கொடுங்கள் மேடம். பாவம், அங்கே இன்னும் யாருமே காலை வணக்கம் போடவில்லை.