பெயர் மாற்றாமல் எழுதிய மடல்

பலேர்மோ நகர், மொண்டெல்லோக் கடற்கரை விடுதியின் சலவைக்கூடத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறும் திருமதி புஸ்பவதி குலேந்திரன் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் வாசித்தளிப்பது

வெள்ளை விரிப்புகளுக்கு வெண்மையும் வெந்த மனங்களுக்குத் தண்மையும் தந்த தாயே! அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, எங்களுக்கெல்லாம் முன்பே வந்து இயந்திரங்களை முடுக்கிவிட்டவரே! காய்ச்சல்காரரின் பங்கையும் கர்ப்பிணியின் பாரத்தையும் கேளாமலே தோளேற்றிய கருணைக் கடலே! வணக்கம்.

இப்படி இன்னும் நாலு பக்கம் எழுதலாம். எங்கள் மடல்களையெல்லாம் எழுதும் கொன்ஸ்ரன்ரைனுக்கு அது ஒரு வேலையா? ஆனால் அக்கா, இன்று எங்களுக்கு வாய் கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பதை இந்த அவை அறிய வேண்டும். நீங்கள் சற்றுப் பொறுத்திருங்கள்.

அவையோரே! மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதக் காலை. விரிப்பொன்றில் கறை இருந்தது. அப்போதிருந்த மேற்பார்வையாளர் (அவர் பெயரை எழுதி இந்த மடலை அழுக்காக்க மாட்டோம்) அதைப் புஸ்பவதி அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்து, "இது கறையல்ல, உன் தோல் ஒட்டிக்கொண்டது. உன் இனத்தையே இந்த இயந்திரத்தில் போட்டாலும் வெளுக்காது" என்று இத்தாலிய மொழியில் உரக்கச் சொல்லிச் சிரித்தார். அக்கா விரிப்பை வாங்கி மடித்தார். சுற்றிவரப் பதினொரு பேர் நின்றோம்.

அக்கா பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். சாட்சிக்கு எங்களைக் கூப்பிட்டபோது அடுத்த பருவத்து வேலையும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிடப் பத்திரமும் எங்கள் கண்முன் வந்து நின்றன. "அங்கை நிண்டனாங்கள்தான், ஆனா ஒண்டும் கேக்கேல்லை" என்றோம். பாவிகள் நாங்கள்! சாட்சியில்லையென்று கோப்பை மூடப் பார்த்தார்கள். அக்கா விடவில்லை, வழக்கை விசாரணைக்கு எடுக்க அனுமதி கேட்டு நீதிபதிக்கு விண்ணப்பித்தார். "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். அந்த மனுசன் சொன்னது பிழை எண்டு ஆராவது ஒருத்தர் சொன்னாக் காணும்." இவ்வளவுதான் அவர் ஆசை.

இதற்கிடையில் அந்த மனிதர் வேறு விடுதிக்கு மாறிப் போனார். யார் போனாலும் மடல் எழுதிச் சட்டமிட்டுக் கொடுப்பது நம் வழக்கமல்லவா? கொன்ஸ்ரன்ரைன் வழக்கம்போலப் பழைய மடலை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினார். "அனைவரையும் ஒரே கண்ணால் நோக்கிய சமத்துவச் செம்மலே!" என்ற வரியும் அதோடு வந்து சேர்ந்தது. சாரங்கா அதைக் கீழே இத்தாலிய மொழியிலும் எழுதினார். பதினொரு பேரும் ஒப்பமிட்டோம்.

"ஒரு மரியாதைக்குத்தானே அக்கா, நீங்களும் வையுங்கோ" என்று கொன்ஸ்ரன்ரைன் பேனாவை நீட்டினார்.

"என்ரை கை வராது தம்பி" என்றார் அக்கா.

அக்காவின் விண்ணப்பம் நீதிபதி முன் வந்த நாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பையிலிருந்து எடுத்தது அந்த மடலைத்தான். நீதிபதி இத்தாலிய வரிகளை வாசித்தார். பதினொரு ஒப்பங்களையும் பார்த்தார். அனுமதி இல்லை, கோப்பை மூடுங்கள் என்றார். துணைக்குப் போயிருந்த கொன்ஸ்ரன்ரைன் நீதிமன்ற வெளிப்படிக்கட்டில் குந்தியிருந்து விம்மி அழுதார். அக்கா ஒரு சொல் ஏசவில்லை. "எழும்புங்கோ தம்பி, பஸ் வரப்போகுது" என்றார். ஐயோ, ஏசியிருக்கலாமே! ஏசியிருந்தால் எங்களுக்கு இவ்வளவு நோகாது.

அக்கா, இனி உங்களிடம். இந்த மடல் எந்தப் பழைய மடலிலிருந்தும் எடுத்ததல்ல. இதையும் இரண்டு மொழியில் எழுதியிருக்கிறோம். ஆனால் காலம் கடந்துவிட்டது. எவர் மேசையில் கொண்டுபோய் வைத்தாலும் மூடிய கோப்புத் திறக்குமென்று எங்களால் சொல்ல முடியவில்லை. கை கால் சுகத்தோடு, காலையில் ஆறுதலாக எழும்பி, பிள்ளைகள் சூழ நீங்கள் நெடுங்காலம் இருக்க வேண்டும். சுவரில் மாட்ட மனம் வராவிட்டால் இதை மாட்ட வேண்டாம். நீங்கள் கேட்டதை மட்டும், பிந்தியென்றாலும், சொல்லிவிடுகிறோம்.

அந்த மனிதர் சொன்னது பிழை.

இப்படிக்கு,
அன்று அங்கே நின்றவர்கள், காதாரக் கேட்டவர்கள்:
கொன்ஸ்ரன்ரைன், சாரங்கா, வசீகரன், ஸ்ரெல்லா, இராஜதுரை, கிருசாந்தினி, றொனி, அமலினி, ஸ்ரீபன், லக்ஷனா, றமேஸ்