பைக்கு வெளியே எட்டிப் பார்த்த வால்

ஹலோ... ஹலோ, டோட்டன்? சொல்லுப்பா... ஆமா, மாமாதான். இந்த வீட்டுல வேற யாரு போன் எடுப்பா? உங்கம்மா குளிக்கப் போயிருக்கா... நல்லா இருக்கா, நல்லா இருக்கா. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. என்னைத் திட்டற குரல்ல ஒரு சுருதி குறையல... என்ன?... யாரு சொன்னா?... ஓ. எதிர்வீட்டு ஹால்தார் துர்காபூர்ல இருக்கற உன் வரைக்கும் போன் போட்டுட்டாரா! பஸ்ஸு நின்னுச்சு, ரயிலு நின்னுச்சு, அந்த மனுஷன் வாய் மட்டும் நிக்கல பாரு.

...ஆமா. போனேன்... ஆமாப்பா, வெளியேதான். முந்தாநாள் காலைல... தெரியும், தெரியும். அறுபத்தஞ்சு தாண்டினவன் வாசல் தாண்டக்கூடாது. எனக்கு எழுபத்தொண்ணுன்னும் தெரியும்... போட்டோவா? எந்த போட்டோ?... உனக்கும் அனுப்பிட்டாரா... மாஸ்க் போட்டிருந்தேனே, முகம் தெரியாதே... ஓ. வால் தெரியுதா.

சரி, சரி, கத்தாதே. நடந்ததைச் சொல்றேன். காலைல ஆறு மணி. ஜாதவ்பூர்ல காக்காகூட ஊரடங்குக்குப் பயந்து நடந்துதான் போகுது. நான் பையை மடிச்சு சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு, பூனை மாதிரி இறங்கறேன். எதிர் பால்கனில ஹால்தார், கையில தூரக்கண்ணாடி. கிரிக்கெட் பாக்க வாங்கினது. அதுல பாத்தா உன் வயித்துல என்ன இருக்குன்னு தெரியும். "எங்க கிளம்பியாச்சு விபாஸ்பாபு?"ன்னாரு. "பிரஷர் மாத்திரை தீந்து போச்சு"ன்னேன்... ஆமா, பொய்தான்... ஆமாப்பா, பொய்தான்னு சொல்லிட்டேனே!

திரும்பி வரேன். பை சின்னது, கட்லா மீன் பெரிசு. முதலை மாதிரி இருந்துச்சு... சரி, நாலு கிலோ. மூணரை. "விபாஸ்பாபு, உங்க மாத்திரைக்கு வால் முளைச்சிருக்கே!"ன்னு மேலேருந்து ஒரு குரல். அவ்வளவுதான். துர்கா ஊர்வலம் போற மாதிரி பால்கனி பால்கனியா ஜனம். டாக்டருங்களுக்காகத் தட்டு தட்டினாங்களே, அதே ஜனங்க. எனக்கும் தட்டியிருப்பாங்க, என் மண்டையில. முதல் மாடி ஷெஃபாலி பௌதி, வாய் நிறைய அண்ணின்னு கூப்பிடுவேனே, அவங்களே வாளி நிறைய ப்ளீச்சிங் தண்ணியைத் தலையில ஊத்திட்டாங்க... வாளி இல்ல, சொம்பு... சரி, தெளிச்சாங்க. என் காக்கி கால்சட்டை இப்ப வெள்ளையாயிடுச்சு, அது நிஜம்.

...சிரிக்கலையா? முன்னெல்லாம் இதுக்கு நீ சிரிப்பே.

...ம். ம்... கேக்கறேன். சொல்லு... ஆமா, வெக்கமாத்தான் இருக்கு. டோட்டன், மூணு மாடி ஏறினேன். நான் ஏற ஏற ஒவ்வொரு கதவா சாத்தற சத்தம். இந்தக் கட்டடத்துல பாதிப் பேருக்கு போஸ்ட் ஆபீஸ் ஃபாரம் எழுதிக் குடுத்தவன் நான். அவங்க பிள்ளைங்களுக்குத் தபால்தலை கிழிச்சுக் குடுத்தவன். சுவரைப் பாத்துக்கிட்டே ஏறினேன், பையைப் பின்னால மறைச்சுக்கிட்டு. இந்த இடத்துல நான் எதையும் பெரிசாக்கல.

...என்னது? பாஸா? எதுக்கு பாஸ்?... கார் எடுத்துட்டு வரியா?... யாரைக் கூட்டிட்டுப் போக?... உங்கம்மாவையா!... இரு, இரு. டோட்டன், இரு... ஆமா, அவளுக்கு எழுபத்தாறு... ஆமா, அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா... தெரியும்ப்பா... ஆமா, நாக்குதான். நாக்குக்காகத்தான் போனேன்னு வெச்சுக்கோ... தின்னிப்பண்டாரம், ஆமா, எழுதிக்கோ... கூட்டிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதே. அவ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரோட சண்டை போடுவேன்...

...என்ன சொன்னே?... இல்ல, கடைசியா சொன்னியே. திரும்பச் சொல்லு.

...

ம். "எங்கம்மா முப்பத்தோரு வருஷம் மீனைத் தொடாம இருக்கா, உங்களால மூணு வாரம் இருக்க முடியலையா?"

இதையேதான் அவளும் சொன்னா, டோட்டன்.

...ஆமா, அவதான்... தண்ணிச் சத்தம் கேக்குது, இன்னும் குளிக்கறா. சொல்லிடறேன். சொல்ல மாட்டேன்னு கூடப்பிறந்த அக்கா தலையில கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். அந்தப் பாவம் என் கணக்குல போகட்டும். ஊரடங்கு வந்ததும் மீன் நின்னு போச்சு. உருளைக்கிழங்கு கசகசா, பரங்கிக்காய், திரும்ப உருளைக்கிழங்கு. தினமும் தட்டைப் பாத்துப் புலம்பினேன். "தீதி, இருபது நாள் ஆச்சு, செத்துடுவேன்"ன்னேன். அவ சாதம் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா, "எனக்கு முப்பத்தோரு வருஷம் ஆச்சு. செத்தா போனேன்?"

கோவமா சொல்லலப்பா. நேரம் என்னன்னு கேட்டா சொல்ற மாதிரி சொன்னா.

...உங்கப்பா போனப்ப உனக்குப் பதினோரு வயசு. அன்னியிலேருந்து அவ தட்டுல மீன் இல்ல. விதவை சாப்பிடக்கூடாதுன்னு எவனோ சொன்னான், நாம ரெண்டு பேரும் சரின்னுட்டோம். அவதான் ஆக்கிப் போட்டா. உனக்கு முள் எடுத்தது யாரு விரலு? எதிர்லயே உக்காந்து மீன் தலையை உறிஞ்சினவன் நான். "உனக்கு வேணுமா தீதி"ன்னு ஒரு நாள், ஒரே ஒரு நாள்... ஹால்தார் திட்டினது ப்ளீச்சிங்ல போயிடும். இது போகாது, டோட்டன்.

...இருக்கியா?... ம்.

அப்புறம்தான் கேட்டேன். "எந்த மீன் ஞாபகம் இருக்கு?" யோசிக்கவே இல்ல. "கட்லா தலை போட்ட பாசிப்பருப்பு. ஞாயித்துக்கிழமை டோட்டன் அப்பா வாங்கிட்டு வருவாரு." அதான் போனேன். ஹால்தார்கிட்ட யாருக்குன்னு எப்படிச் சொல்றது? என்னைத் தின்னிப்பண்டாரம்னு சொன்னா நாலு நாள் சிரிப்பாங்க. அவளை ஒரு வார்த்தை சொன்னா?

...சாப்பிட்டா... ஆமா, சாப்பிட்டாப்பா. கதவைச் சாத்தினா. ஜன்னலைச் சாத்தினா. சாமி அலமாரிக்குத் துணி போட்டா. என்னையும் திரும்பி உக்காருன்னுட்டா. சத்தம் மட்டும்தான் கேட்டேன். பத்துப் பேர் பந்தி மாதிரி... இல்ல. மெதுவாத்தான். ஒவ்வொரு எலும்பா. அப்புறம் சத்தம் நின்னுச்சு. அழறாளோன்னு திரும்பினேன். முறைக்கறா! "ஏன்டா, இத்தனை வருஷமா உனக்கு மீன்ல இவ்வளவு உப்பையா போட்டுக்கிட்டிருந்தேன்? பிரஷர்காரன், ஒரு நாள் வாயைத் திறந்தியா?"

...உனக்கும் தெரியுமா?... நீயும் சொல்லலையா! ஆமா, எப்படிச் சொல்றது. ருசி பாக்க முடியாதவகிட்ட உப்பு ஜாஸ்தின்னு எந்த வாயால சொல்றது. வாசனையை வெச்சு உப்புப் போட்டவ அவ.

...டோட்டன்... டேய். டேய், நாப்பத்திரண்டு வயசுடா உனக்கு. மூக்கைத் துடை... கார் வேண்டாம்னு சொல்றியா?... சரி. சரிப்பா. நான் இனிமே போகல, சத்தியமா. இந்தத் தடவை என் தலையில... ஷெஃபாலி பௌதி பையன் பஜாருக்குப் போறான், அவன்கிட்ட சொல்லி வாங்கிக்கறேன்...

தண்ணி நின்னுடுச்சு. வரா. மெதுவாப் பேசு... யாருமில்ல தீதி! ஹால்தார்! திட்டறாரு!... மீதித் துண்டு ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சுப்பா, காலைல குழம்பு வெச்சா. கரண்டியில எடுத்து உள்ளங்கையில விட்டு, ருசி பாத்து வெச்சா. நான் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு.

...அவகிட்டயா? குடுக்கறேன். ஆனா என்ன கேக்கப் போறே? முதல்ல எனக்குச் சொல்லு. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சா திரும்ப மீனைத் தொடமாட்டா...

...

...ம். அதைக் கேளு. அதை மட்டும் கேளு.

தீதி, இந்தா. ஹால்தார் இல்ல, உன் பையன்... என்னை முறைக்காதே, பிடி. குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேக்கறான்.