மூன்று பாத்தி மக்காச்சோளத்துக்கு முடிவு சொல்லும் மடல்

மண்ணின் மனமறிந்த மாண்பே! மக்காச்சோளத்தை மகுடமாய்ச் சூடிய மதியே! எருவும் யூரியாவும் ஒருங்கே வணங்கும் ஏந்தலே! எங்கள் பேரன்புக்குரிய தலைமை ஆய்வாளர் அம்மையீர், வணக்கம்!

பாராட்டு மடலென்றால் பண்புகளைப் பட்டியலிட வேண்டும். அதற்கெல்லாம் இன்று எங்களுக்குப் பொறுமையில்லை. எடைபோட்டு முடித்து அரைமணிகூட ஆகவில்லை. நீங்கள் மேடையில் அமைதியாகப் புன்னகைத்தாலும், உங்கள் செருப்பு தாளம் போடுவதை முன்வரிசையில் இருக்கும் நாங்கள் பார்த்துவிட்டோம்!

தொழுஉரம் மட்டும் ஒரு பாத்திக்கு, ரசாயன உரம் மட்டும் அடுத்ததற்கு, இரண்டும் பாதிப் பாதியாய் மூன்றாவதற்கு என்று நீங்கள் பிரித்த அன்றே பண்ணையும் பிரிந்தது. தொழுஉரத்தை நம்பிய குப்பைக் கட்சிக்குக் காவலாளி தலைவர். ரசாயனத்தை நம்பிய மூட்டைக் கட்சிக்குக் கிடங்குக்காரர். மூன்றாம் பாத்திக்கு உங்களைத் தவிர நாதியில்லை.

முதல் போகத்தில் மூட்டைக் கட்சி வெளுத்து வாங்கியது. இரண்டாம் போகத்தில் உங்கள் பாத்தி எடையில் முந்தியதும், கட்சியை மறந்து நாங்கள் துள்ளிக் குதித்தோம். நீங்களோ ஒரு மணியை நகத்தால் அழுத்திப் பார்த்தீர்கள்.

"இதுல பாதி தண்ணிய்யா! பயிரு பச்சையாவே நின்னிருக்கு, மணி சரியா முத்தல. காய வச்சு எடை போடுங்க."

காயவைத்தோம். உங்கள் பாத்தி பின்தங்கியது. முகம் சுளிக்காமல் அந்தத் தோல்வியைத் தலைமையகத்துக்கு அனுப்பினீர்கள். இயக்குநர் ஐயா உடனே வந்துவிட்டார்.

"ரெண்டு போகம் பாத்தாச்சு மேடம், விட்டுருங்க. அந்த எடத்துல வண்டி நிறுத்த ஷெட் போட்டுரலாம்."

"மாத்திரை போட்டதும் எந்திரிச்சு உக்கார மண்ணு என்ன காய்ச்சக்காரனா சார்? இன்னும் ஒரு போகம் குடுங்க. தோத்தா ஷெட்டுக்கு நானே குழி தோண்டுறேன்."

அந்தப் போகத்தின் மணிகள்தாம் மொறுமொறுவென்று காய்ந்து இன்று தராசில் ஏறின. "நான் பக்கத்துல நின்னா என் மூஞ்சியப் பாத்து எடை போடுவீங்க" என்று சொல்லி, களத்துப் பக்கமே வராமல் இருந்துவிட்டீர்கள். ஆகவே கேளுங்கள், அம்மையீர்!

எடைபோட்டவர் மூட்டைக் கட்சித் தலைவரேதான். நம்பாமல் தராசைத் துடைத்தார், சாக்கை உதறினார், மறுபடியும் போட்டார். கடைசியில் தலையிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மேடம் ஜெயிச்சிட்டாங்கப்பா!" என்று கத்திவிட்டார்!

ஆம்! பாதிப் பாதிப் பாத்தியே முதலிடம்! ரசாயனம் இரண்டாமிடம். தொழுஉரம் இன்னமும் கடைசிதான். ஆனால் முதல் போகத்தில் எட்டாத தூரத்தில் இருந்தது, இப்போது இரண்டாமிடத்தின் குதிகாலை மிதிக்கிறது. காவலாளி விசிலடித்து ஓய்ந்தபாடில்லை.

களத்தில் நின்றிருந்த இயக்குநர் ஐயா ஷெட்டைப் பற்றி மூச்சே விடவில்லை. "அடுத்த விதைப்பு என்னிக்கு?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருடங்களாக மண்ணைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்து அந்த நாளைச் சொன்னவர் நீங்கள். அத்தனை பேரும் ஒருசேரத் திரும்பி உங்களைத்தான் தேடினோம். அந்த நொடியில்தான் நீங்கள் இன்றோடு ஓய்வுபெற்றுப் போகிறீர்கள் என்பது எங்களுக்கு உறைத்தது.

கண்ணொளி மங்காமல், கால்வலி அறியாமல், உண்பது செரித்து, உறக்கம் இனித்து, உற்றார் சூழ நீடு வாழ்க! இப்போது எழுந்து வந்து, அந்தத் தேதியை உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள், அம்மா.

என்றும் உங்கள் அன்பில் விளையும்,
இரு கட்சியையும் கலைத்துவிட்ட பண்ணை ஊழியர்கள்