செங்கொடிக்காவாண்ட ஒரு வார்த்த

இல்லக்கா, யாரும் வர்ல. தனியாத்தான் வந்தேன். காரு எர்ணாவூர் கேட்டாண்டயே நிக்கிது. அங்கேர்ந்து ஷேர் ஆட்டோல ஏறிட்டேன். ஆட்டோக்காரன் கண்ணாடில பாத்துகினே வந்தான், பாத்தா எம்மெல்லே அசோகன் மாதிரியே கீறியேன்னான். ஆமாப்பா, நெறைய பேரு சொல்றாங்கன்ட்டேன்.

டீ வேணாம். சரி, கொஞ்சமா போடு. சக்கர வேணாம், டாக்டரு வேணான்ட்டாரு. நீ மொதல்ல உக்காருக்கா. நீ நின்னுகினு பாத்தா எனக்கு போலீஸ் டேசன்ல குந்திகினு கீற மாதிரி கீது. கதவ சாத்தட்டுமா? வேணாமா? சரி, தொறந்தே கெடக்கட்டும், உன் இஷ்டம்.

இன்னா, இத்தினி நாளு இல்லாம இன்னிக்கி இன்னாத்துக்கு இந்தப் படி ஏறி வந்தான்னு பாக்குற. நாயந்தான். நீ கவுன்சிலரு, நான் எம்மெல்லே, ஒரே கட்சி, ஒரே தொகுதி. ஆனா கல்யாண வூட்ல பாத்தாக்கூட நீ அந்தாண்ட திரும்பிக்கிற. ஊரு அத்தப் பத்திதான் பேசிகினு கீது. நான் எம்.பி. சீட்டு கேட்டுகினு கீற நேரத்துல இது நல்லாவா கீது? நம்மளுக்குள்ள பேசித் தீத்துக்கலாம்னுதான் வந்தேன்.

நம்ம இன்னா நேத்து பழகுனவங்களாக்கா? அத்திப்பட்டாண்ட கரண்ட் கம்பெனி சாம்பல் கொழா ஒடஞ்சிச்சே, அப்போ நான் யாரு? ஹார்பர்ல மூட்ட தூக்கிகினு இருந்தவன். ஆத்துல சாம்பத் தண்ணி பூந்து எறாலும் நண்டும் செத்து மெதந்துச்சு. நீதான் பொம்பளைங்கள இட்டாந்து ரோட்ல குந்த வெச்ச. காலைலேர்ந்து கத்தி உனுக்கு தொண்ட கட்டிக்கிச்சு. என் தோளப் புடிச்சித் தள்ளி, டேய் அசோகா, நீ ஏறிப் பேசுடான்ன. டேங்கர் லாரி மேல ஏறிட்டேன். இன்னா பேசுனேன்னு இன்னி வரிக்கும் எனக்குத் தெரியாது. போலீஸு கால இஸ்து கீய போட்டான், மண்ட பொளந்துகிச்சு. மறுநாளு பேப்பர்ல ரத்தத்தோட என் மூஞ்சி. என் தலைய யாரோ தாங்கிப் புடிச்சிகினு கீற மாதிரி ஒரு கையி. அது உன் கையி. கை மட்டுந்தான் வந்துச்சு.

சிரிக்காதக்கா. நான் மறக்கலன்றதுக்காக சொல்றேன்.

அந்தப் போட்டோவப் பாத்துதான் கட்சில கூப்ட்டாங்க. மொத எலக்சன்ல சந்து சந்தா நீதான் இட்டுகினு போன. எந்த வூட்ல சாவு வுயுந்துச்சு, எவன் மவளுக்கு பிரசவம், அல்லாம் காதுல சொல்லுவ. நான் உள்ள பூந்து பேரச் சொல்லி விசாரிப்பேன். இன்னா மனுசன்யா, நம்ம கஷ்டம் அல்லாம் தெரிஞ்சி வெச்சிகீறாருன்னு சனம் அப்டியே உருகிப் பூட்ச்சு. ஜெயிச்சோம். சட்டசபைல மொத நாளு எயுந்து, எங்க தொகுதில தண்ணி கலீஜா வருதுன்னேன். சிரிச்சாங்க. நம்ம கட்சிக்காரனே குனிஞ்சிகினு சிரிச்சான். அப்பால தெனம் கண்ணாடி முன்னாடி நின்னு மாண்புமிகு, கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன், இதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பயகுனேன். இப்போ எவனும் சிரிக்க மாட்டான். உன்னாண்ட வந்தாத்தான் வாயி தானா பழசுக்கு பூடுது.

நான் ஒண்ணுமே செய்லியாக்கா? டயாலிசிஸ் மிசினு யாரு கொண்டாந்தா? பள்ளிக்கூடத்துல மேல்மாடி யாரு கட்னது? கடல் உள்ள வந்துகினே கீதுன்னு கல்லு கொட்ட வெச்சது யாரு? மழ வெள்ளத்துல எண்ணெ மெதந்து வந்தப்ப இடுப்பளவு தண்ணில நின்னேனா இல்லியா?

தெரியும், நீ அங்கதான் வருவேன்னு தெரியும். சரி, அத்தையும் பேசிடலாம். என் மச்சான் பாரி சாம்பல் லாரி ஓட்றான். ஆமா, ஓட்றான். எவனோ ஒருத்தன் ஓட்டத்தான் போறான், வெளியூருக்காரன் ஓட்னா ஒத்துப்பியா? கான்ட்ராக்ட்டு நான் வாங்கித் தர்ல. வாங்குறப்ப தடுக்கல, அவ்ளோதான். அதுக்கு டிவிக்காரன் சாம்பல் எம்மெல்லேன்னு பேரு வெச்சிட்டான். சாம்பல எதுத்து மண்ட ஒடஞ்சவன் சாம்பலயே அள்றான்னு ஃபோன்ல படம் போட்டு வுட்டானுங்க. என் மவ காலேஜ்ல அத்த அவளாண்டயே காட்டிச் சிரிச்சாங்களாம். ஒரு வாரம் அது என்னாண்ட பேசல.

அது வேற, இது வேற. நீ அதுக்காக என் மேல கோவப்படல. உன் கோவம் அந்த கேஸு லீக்கான மேட்டரு.

வெடிகாலைல கெமிக்கல் கம்பெனி பக்கத்துலேர்ந்து பொக வந்துச்சு. சனங்க புள்ளைங்கள தூக்கிகினு மூக்கப் பொத்திகினு பீச் ரோட்ல ஓட்னாங்க. டிவிக்காரன் மைக்க நீட்டிட்டான். பயப்பட ஒண்ணுமில்ல, சும்மா வாசனதான்னேன். நானா சொன்னேன்? மேலேர்ந்து அப்டித்தான் சொல்லச் சொன்னாங்க. சனம் பயந்து ஓடி மிதிபட்டு சாவக் கூடாதேன்னு ஒரு நெனப்பும் எனக்கு இருந்துச்சு. நீ நம்பலன்னா வுடு. ஆனா நீ இன்னா பண்ண? கட்சி மீட்டிங்ல அத்தினி பேரு முன்னாடி எயுந்து நின்னு, வாசனன்னு சொல்றதுக்கு முன்னாடியே பொண்டாட்டி புள்ளைய தாம்பரத்துக்கு அனுப்பிட்டியே அசோகா, அது எந்த வாசனைக்குன்னு கேட்ட. எவனோ அத்த ஃபோன்ல படம் புடிச்சி வெளிய வுட்டுட்டான். நீதான் புடிக்கச் சொன்னேன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ என்னாண்ட தனியா கேட்ருக்கலாம்.

அனுப்புனேந்தான். யாரு அனுப்ப மாட்டான்? உன் மவ ரமாபாய் அன்னிக்கி ஊர்ல இருந்திருந்தா நீ அனுப்பியிருக்க மாட்ட?

மாட்டியா. அனுப்புறதுன்னா அல்லாரையும் அனுப்பியிருப்பியா. சரி.

எதுத்த வூட்டு ஹில்டாம்மா அன்னிக்கி செத்துப் பூட்டதுல எனக்கும் வருத்தம்தாங்க்கா. நீ முதுகுல சொமந்துகினு படி எறங்குனியாமே. அவுங்க ஆஸ்துமாக்காரங்க, ஆஸ்பத்திரில எயுதுனதும் அப்டித்தான்... சரி. சரிக்கா. பேரச் சொல்லல. கையக் கீய போடு. அந்தப் பேர நான் எடுக்கல, போதுமா?

கோவப்படாத. இந்தா, டீ நல்லா கீது.

ரமாபாய் எப்டி கீது? ஹார்பர் கான்ட்ராக்ட் ஆபீஸ்லதானே இன்னும்? டெம்பரரி. நான்தான் சொல்லி சேத்து வுட்டேன், சொல்லிக் காட்டல, ஞாபகத்துக்கு சொல்றேன். வர்ற மாசம் பாதிப் பேர வேலைய வுட்டுத் தூக்கப் போறாங்களாம். ஒரு எம்.பி. ஃபோன் பண்ணா அது வேல தங்கும். பண்ணலன்னா... இல்லக்கா, மெரட்டல. நான் எங்க மெரட்னேன்? நடக்கறதச் சொன்னேன். இதுல மெரட்டல் எங்க கீது?

நீ இப்டிப் பாக்காத. 

எனக்கும் வயசாவுதுக்கா. இந்த வாட்டி வுட்டா அப்பால எவனும் கூப்ட மாட்டான். எம்மெல்லேவுக்கும் எனக்குக் குடுக்க மாட்டாங்க, சாம்பலு, வாசன, அல்லாம் சேந்து நாறிப் பூட்ச்சு. டெல்லி பூட்டா ஊரு மறந்துடும். திருவொத்தியூர் வரிக்கும் செவுத்துல எம் பேர எயுதி வெச்சிட்டாங்க பசங்க. அத்த எப்டி அழிக்கச் சொல்றது?

மேடைல எம் பக்கத்துல நில்லுன்னு கேக்க வர்லக்கா. அதான் நெனச்சிகினு கீறியா? அது இல்ல.

காலைல கட்சி ஆபீஸ்ல சீட்டு நேர்காணலுக்குப் போனேன். பெரியவங்க அல்லாரும் குந்திகினு இருந்தாங்க. லாரி யாருதுன்னு கேட்டாங்க. வாசனன்னு ஏன் சொன்னேன்னு கேட்டாங்க. அப்பால, செங்கொடின்னு ஒரு கவுன்சிலரு கீறாங்களாமே, அவுங்க யாருன்னாங்க. எனக்கு அப்பாடான்னு ஆயிட்ச்சு, வேற பேச்சு வந்துடுச்சேன்னு. எங்க அக்காதான், என்னை லாரி மேல ஏத்துனவங்களே அவுங்கதான், ஊர்ல அவுங்க சொன்னா சனம் ரோட்டுக்கு வரும்னேன். உன்னப் பத்தி நல்லாவே பேசுனேங்க்கா, மனசாரப் பேசுனேன். பேசிகினு இருக்கறப்பவே ஒருத்தரு தலைய ஆட்டுனாரு, இன்னொருத்தரு என் பேர அடிச்சாரு. அப்பத்தான் புரிஞ்சிச்சு.

சீட்டு உனுக்குத்தான்.

சாயங்காலம் உன்னாண்ட ஃபோன்ல கேப்பாங்க. நீ சரின்னா அறிவிச்சிடுவாங்க. ஒடம்பு முடியல, அசோகனுக்கே குடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அதுக்குத்தான் வந்தேன். உனுக்கு இந்த ஆசையெல்லாம் கெடயாதுன்னு எனக்குத் தெரியாதா?

இன்னா சொன்ன? உனுக்கு ஆச கீதான்னு நான் எப்போவாவது கேட்டேனாவா?

இல்லக்கா. கேட்டதில்ல.

உன் ஃபோனுதான் அடிக்கிது. அவுங்கதான் போல, அதுக்குள்ளயே கூப்ட்டுட்டாங்க. எடுக்காத. அக்கா, ஒரு நிமிசம், நான் சொல்றதக் கேட்டுட்டு... எடுத்துட்டியா. சரி. பேசு, பேசு. நான் வராண்டால நிக்கிறேன். நான் இங்க வந்தேன்னு மட்டும் அவுங்களாண்ட சொல்லிடாதக்கா.