தக்காளி அரசிக்கு வந்த மின்னஞ்சல்

மழைக் காலத்துத் தக்காளி சீக்கிரம் அழுகிவிடும், ஐயா. அதனால் அன்று காலை எனக்கு வேலை அதிகம்.

கானாவின் குமாசிச் சந்தையில் தக்காளி விற்கும் பெண்களுக்கு நான்தான் அரசி. விலையை நான் சொல்வேன், சண்டையை நான் தீர்ப்பேன். எல்லாரும் மரியாதையாக, தலைவர்களை அழைப்பதுபோல், ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்ல ஒருத்திக்கும் துணிச்சல் கிடையாது. சங்கத்தின் பணம் முழுக்க வங்கியில் என் பொறுப்பில் இருந்தது.

போலி மின்னஞ்சலைப் பற்றி வகுப்பெடுக்க எபோ குவான்சா என்ற வங்கி அதிகாரி வந்தான். தங்கமான பிள்ளை. ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று மொட்டையாக வந்தால் நம்பாதீர்கள், அவசரப்படுத்தினால் நம்பாதீர்கள், அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள், ரகசிய எண்ணை வங்கி ஒருநாளும் கேட்காது என்றான். பிறகு பக்கத்துக் கடை அஜோவா அப்படியொரு மின்னஞ்சலில் ஏமாந்தபோது அவளைச் சந்தை நடுவில் நிற்கவைத்தேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னாரேடி, மண்டையில என்ன களிமண்ணா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் எனக்கு ஒன்று வந்தது. வங்கியின் சின்னம் இருந்தது. ‘மதிப்பிற்குரிய நானா, தக்காளி அரசி அவர்களே’ என்று தொடங்கியது. நிஜ வங்கி என்னை அப்படி மதித்ததே இல்லை. மாலைக்குள் கணக்கு முடங்கும் என்றது. முகவரியை நான் பார்க்கவில்லை. ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டேன். பணம் போனதும், வங்கிக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்று பெண்களிடம் சொன்னேன்.

அன்று காலை எபோ என் கடைக்கே வந்தான். குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

"நானா, தப்பா நினைக்காதீங்க. உங்க போன்லேர்ந்துதான் ரகசிய எண் போயிருக்கு. பேங்குக்கு வந்து புகார் எழுதிக் குடுங்க, கொஞ்சமாவது மீட்டுரலாம்."

அஜோவா எட்டிப் பார்த்தாள். "என்ன நானா, தம்பி என்னமோ சொல்றாரு?"

அவள் உதட்டில் சிரிப்பு எழுவதைப் பார்த்தேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

"இவன்தான் திருடன்" என்றேன். கத்தவில்லை.

சுமைகாரர்கள் ஓடி வந்தார்கள். முதலில் அவன் பற்கள் போயின. பிறகு பெட்டிப் பலகையால் முழங்காலை உடைத்தார்கள். மண்ணில் கிடந்தபடி, "நானா, நீங்க சொல்லுங்க நானா" என்றான். மரியாதை தெரிந்தவன். அவர்கள் ஓங்கிய கையோடு நின்று என்னைப் பார்த்தார்கள். நான் தலையசைக்காமல் எங்கள் சந்தையில் எதுவும் நடக்காது. விடச் சொன்னால் விட்டிருப்பார்கள். அவனும் மீதியைப் பேசியிருப்பான்.

கூட்டம் எரித்துக் கொன்றதாக உங்கள் போலீஸ் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். சரிதான். நான் ஒரு கல்லைக்கூடத் தொடவில்லை, ஐயா. ஓரமாகக் கிடந்த லாரி டயரை விரலால் காட்டினேன். மண்ணெண்ணெய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான்.