சோபாவில் அப்பா, புறவிசை அம்மா

ஹலோ… குமரவேல் சாரா? மோகன்ராஜ் பேசறேன், டியூஷன் சென்டர்லேர்ந்து… ஆமா, ஆமா, பம்மல்லதான் கீறேன்… வணக்கம்லாம் அப்பறம் சார். பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு நியூட்டன் மொத விதி நடத்துனீங்களே, அதுல இன்னாவோ ஜோக் சொன்னீங்களாமே?…

மறந்துட்டீங்களா? நான் சொல்றேன். "லீவு நாள்ல அப்பா சோபாவுல ஓய்வு நிலையில இருப்பாரு. புறவிசை வந்து தள்ளாத வரைக்கும் நகர மாட்டாரு. புறவிசைன்னா அம்மா." இதானே?… சிரிக்காதீங்க சார். உங்க ஜோக்குக்கு நீங்களே சிரிச்சுக்கினா இன்னா அர்த்தம்?…

பசங்க சிரிக்கலயா? எப்படி சார் சிரிப்பானுங்க? நம்ம சென்டர்ல சார் வாயத் தொறந்தா, பசங்க பேனாவத் தொறப்பானுங்க. அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன். நீங்க சொன்னத அப்படியே எழுதி, மனப்பாடம் பண்ணி, ஸ்கூல் அரையாண்டுல கொட்டிட்டு வந்துட்டானுங்க!… ஆமா சார், ஆன்சர் பேப்பர்லதான்! "எடுத்துக்காட்டு: சோபாவில் அப்பா." கீழ ஸ்கெட்ச்ல அடிக்கோடு வேற!… நிகில் படமே போட்டுட்டானாம். அம்மா கையிலேர்ந்து ஒரு அம்புக்குறி, பக்கத்துல 'விசை'ன்னு…

இன்னாது, ஆர்வம் வரணுமா? ஆர்வத்துக்கா சார் இங்க அனுப்பறாங்க? மார்க்குக்கு அனுப்பறாங்க! உங்களால எல்லாம் பேஜாராப் பூடுச்சு. இத்தினி பேரும் முட்ட வாங்கிக்கினு வந்தா, நான் கடைய சாத்திட்டுப் போக வேண்டிதான். நாளையிலேர்ந்து நீங்க வர வேணாம்… இருங்க, ஷாகுல் பாய் வராரு. வைக்காதீங்க…

வாங்க பாய்… பேப்பர் குடுத்துட்டாங்களா?… நிகிலுக்கு ஃபுல் மார்க்கா! அந்தப் படத்துக்கா?… டிக் போட்டு 'நன்று'ன்னு எழுதியிருக்காங்களா?… மத்தவனுங்களுக்கும் அப்படியேவா?… அப்ப உங்க பொண்ணு ரூக்சாருக்கு?… காட்டுங்க… "எடுத்துக்காட்டு இல்லை." அர மார்க் போச்சா…

சார், லைன்ல கீறீங்களா?… கேட்டீங்களா கூத்த? உங்க ஜோக்க எழுதுன அத்தினி பேருக்கும் ஃபுல் மார்க்கு. ரூக்சார் ஒண்ணுதான் எழுதல. ஏம்மான்னா, "அது சிரிக்கத்தானே சொன்னாரு"ங்குதாம். அன்னிக்கு கிளாஸ்ல சிரிச்சதும் அது ஒண்ணுதானாம்…

சந்தோஷமா? மார்க் போச்சுங்கறேன், சந்தோஷம்னு சொல்றீங்க! பாய் எதிர்லயே உக்காந்துக்கினு வேற டியூஷன்ல சேக்கறேங்கறாரு சார்!…

சரி, வர வேணாம்னு சொன்னதெல்லாம் விடுங்க. நாளைக்கு வந்து ஒவ்வொரு விதிக்கும் ஒரு ஜோக் டிக்டேட் பண்ணுங்க. ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடலாம்… அட, சிரிக்கறதுக்கு இல்ல சார், மார்க்குக்கு!… இதோ, ரூக்சாரும் வந்துடுச்சு. போன குடுக்கறேன். இனிமே சிரிக்காம எழுதிக்கம்மான்னு நீங்களே சொல்லிடுங்க…

இன்னாது?… சொல்ல மாட்டீங்களா?… வரவும் மாட்டீங்களா?… சார், நான்தான் உங்கள வேணாம்னேன்… ஹலோ… ஹலோ…